பஞ்சு வாங்கப் போன பையன்

2004-ம் வருடம், ஜூன் மாதம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சாண்டா பார்பரா என்கிற கடலோர ஊர். அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டில், பெண்களுக்கான பொருட்கள் அடுக்கி வைத்திருக்கும் வரிசையில், பின்னந்தலை முடியை நீளமாக வளர்த்திருந்த பள்ளிக்கூடப் பையன் ஒருவன் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றான்.

அவனுக்கு வேண்டியது டாம்பன். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் பயன்படுத்தும் பஞ்சுச் சுருள். எதை எடுப்பது? அந்த வயதுப் பையனுக்கு எப்படித் தெரியும்? காது மடல் சிவக்க, பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணியிடம் போய்க் கேட்டான். எங்கள் ரோபோவுக்குள் தண்ணீர் கசிகிறது, நன்றாக உறிஞ்சக் கூடியதாக ஒன்று வேண்டும் என்றான். அந்த அம்மாள் ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்து, ஜெயித்துவிட்டு வா என்று வாழ்த்தி அனுப்பினார்.

பையன் பெயர் லொரென்ஸோ சான்டிலான். மறுநாள் அவனும் அவனுடைய மூன்று நண்பர்களும் மோதவேண்டியிருந்தது யாரோடு தெரியுமா? எம்.ஐ.டி.யோடு. உலகத்துப் பொறியியல் கல்லூரிகளுக்கெல்லாம் பெரியண்ணனான அதே எம்.ஐ.டி.

என்ன ஆயிற்று என்பதற்குக் கொஞ்சம் பொறுங்கள். நாலு பள்ளிக்கூடப் பசங்க கையில் ரோபோ எப்படி வந்தது என்பதைப் பார்த்துவிட்டு வருவோம். அந்தக் கதை ஆரம்பித்ததும் எம்.ஐ.டி.யில்தான். வேடிக்கை!

1970-களின் தொடக்கம். எம்.ஐ.டி.யில் வுடி ஃபிளவர்ஸ் என்று ஒரு வாத்தியார். லூசியானா மாநிலத்தில் ஜேனா என்கிற குட்டி ஊர்க்காரர். அப்பா வெல்டிங் வேலை பார்த்தவர். அதனாலோ என்னவோ, கரும்பலகையில் சமன்பாடு எழுதி மாணவர்களை இன்ஜினீயர் ஆக்கிவிடலாம் என்பதில் இவருக்கு நம்பிக்கை கிடையாது. மெஷின் டிசைன் சொல்லித்தரும் பாடத்துக்கு அங்கே 2.70 என்று நம்பர். அந்த வகுப்பில் ஃபிளவர்ஸ் ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு பை. உள்ளே இருப்பது எல்லாருக்கும் ஒரே சாமான், பார்த்தால் காயலான் கடைச் சரக்கு மாதிரி இருக்கும். இதை வைத்து ஒரு யந்திரம் செய். பருவ முடிவில் உன் யந்திரமும் அடுத்தவன் யந்திரமும் ஒரே மேடையில் மோதும். அவ்வளவுதான் பாடம்!

போட்டி நாளன்று கூடைப்பந்து மேட்ச் மாதிரி கூட்டம் சேர ஆரம்பித்தது. விசில், கைதட்டல், கூச்சல். பிற்பாடு டெலிவிஷனில்கூடக் காட்டினார்கள். ஆனால் ஃபிளவர்ஸ் பெருமையாகச் சொல்லிக்கொண்டது அந்தக் கூச்சலைப் பற்றி அல்ல. நாளைக்கு எதிரே நிற்கப் போகிறவனுக்கு இன்றைக்கு ராத்திரி ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து உதவி செய்கிற பழக்கம் மாணவர்களிடம் தானாகவே வளர்ந்தது பாருங்கள், அதைப் பற்றி. இதற்கு அவர் வைத்த பெயர் 'கிரேஷியஸ் புரொஃபஷனலிசம்'. மரியாதை கெடாமல் போட்டி போடுவது என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம்.

இது கல்லூரிக்குள் நடந்த சமாசாரம். இதைப் பள்ளிக்கூடத்துக்கு, ஊருக்குள் இழுத்துக்கொண்டு வந்தவர் வேறு ஒருவர். டீன் கேமன்.

இரண்டு சக்கரத்தில் நின்றபடியே போகிற செக்வே வண்டி ஞாபகம் இருக்கிறதா? 2001-ல் உலகத்தையே மாற்றப் போகிறது என்று ஆரவாரமாக வந்து, கடைசியில் ஷாப்பிங் மால் காவலர்களின் வாகனமாக முடிந்தது. அதைச் செய்தவர்தான். அதற்கு முன்பே, நோயாளி உடம்போடு மாட்டிக்கொண்டு நடமாடக் கூடிய சின்ன மருந்து பம்ப் ஒன்றைக் கண்டுபிடித்து, கம்பெனி ஆரம்பித்து, 1982-ல் அதை விற்றுக் காசு பார்த்தவர். படித்த கல்லூரியில் பட்டம் வாங்காமலே வெளியேறியவர். அப்பா ஜாக் கேமன் காமிக்ஸ் ஓவியர்.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மான்செஸ்டர் என்று ஒரு ஊர். ஒரு காலத்தில் அங்கே அமோஸ்கேக் என்கிற பிரமாண்டமான பருத்தி மில் ஓடிக்கொண்டிருந்தது. 1930-களின் நடுவில் மூடிவிட்டார்கள். நம் கோவை, மதுரைப் பக்கம் மில் மூடிய தெருக்களைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊரின் முகத்தை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பழைய மில் கட்டடங்களில்தான் கேமன் தன் ஆராய்ச்சிக் கூடத்தை வைத்தார்.

அவருக்கு ஒரு புகார் உண்டு. எந்தப் பையனைக் கேட்டாலும் பத்து விளையாட்டு வீரர்கள் பெயரைச் சொல்கிறான். உயிரோடிருக்கும் ஒரு விஞ்ஞானி பெயரைச் சொல் என்றால் முழிக்கிறான். தப்பு பையனுடையதா? இல்லை, ஊர் யாருக்குக் கைதட்டுகிறதோ அவனைப் போலத்தானே பையன் ஆக ஆசைப்படுவான் என்பது கேமனின் கட்சி. அப்படியானால் பாடப் புத்தகத்தை மாற்றிப் பிரயோஜனமில்லை. கைதட்டலை மாற்ற வேண்டும்.

1989-ல் ஒரு அமைப்பைத் தொடங்கினார். பெயர் 'ஃபர்ஸ்ட்'. துணைக்கு ஃபிளவர்ஸ் வந்தார். 1992-ல் முதல் போட்டி. இடம், மான்செஸ்டரில் ஒரு உயர்நிலைப் பள்ளியின் ஜிம். வந்தது 28 அணிகள். தரை முழுக்க ஒன்றரை அங்குல உயரத்துக்கு மக்காச்சோளத்தைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். அதில் சக்கரம் வழுக்கும், புதையும். அதன்மேல் ரோபோவை ஓட்டி டென்னிஸ் பந்துகளைச் சேகரிக்க வேண்டும். சோளக் களத்தில் கோழி மேய்கிற மாதிரி மெஷின்கள் மேய்ந்தன!

பள்ளிக்கூடம் மட்டும் தனியாக வர முடியாது. கூடவே ஒரு கம்பெனியோ கல்லூரியோ கைகோக்க வேண்டும். அதாவது, அந்த ஊர் இன்ஜினீயர் ஒருவர் சாயங்காலம் வேலை முடித்து வீட்டுக்குப் போகாமல், பள்ளிக்கூட ஷெட்டில் பசங்களோடு நிற்க வேண்டும். இதுதான் கேமன் போட்ட முக்கியமான முடிச்சு என்பேன். பிற்பாடு இதற்கு ஒரு தாளம் அமைந்தது. ஜனவரியில் இந்த வருட ஆட்டம் என்ன என்று அறிவிப்பார்கள். ஆறே வாரம். அதற்குள் ஆளுயர ரோபோ தயாராகி மூட்டை கட்டப்பட வேண்டும். 2020 சீசனில்தான் இந்த ஆறு வாரக் கெடுவை எடுத்தார்கள்.

நான் பி.காம். படித்தவன். எந்த மெஷினைக் காட்டினாலும் எனக்கு முதலில் அதன் வரவு-செலவுதான் கண்ணில் படும். ஃபர்ஸ்ட் போட்டிக்குப் பதிவுக் கட்டணமே ஆயிரக்கணக்கான டாலர். மோட்டார், அலுமினியம், பஸ் செலவு, ஓட்டல் செலவு எல்லாம் தனி. ஆகவே ஒவ்வொரு அணியும் சின்னதாக ஒரு கம்பெனி. ஒரு பையன் வெல்டிங் அடித்தால் இன்னொரு பெண் ஸ்பான்சருக்குக் கடிதம் எழுதுகிறாள், வேறொருத்தி கணக்கு எழுதுகிறாள். ஸ்க்ரூவைத் திருகத் தெரியாத என் மாதிரி ஆசாமிக்கும் அங்கே ஒரு நாற்காலி உண்டு. எனக்குப் பிடித்த விஷயம் இது.

பிடிக்காத விஷயமும் உண்டு. காசுள்ள ஊர்ப் பள்ளிக்குப் பெரிய ஸ்பான்சர், நல்ல பட்டறை. இல்லாத ஊர்க்காரன் பாடு திண்டாட்டம். அப்புறம், பெரியவர்கள் ஆர்வக் கோளாறில் ரோபோவைத் தாங்களே செய்து முடித்துவிட, பையன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது. குழந்தையின் கிராஃப்ட் வேலையை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நாம் உட்கார்ந்து ஒட்டுவோமே, அந்த வியாதி. எவ்வளவு உதவலாம், எங்கே கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அணிகளுக்குள் ஓயாத விவாதம்.

இந்தப் போட்டியில் எல்லாவற்றுக்கும் மேலான பரிசு எதற்குத் தருகிறார்கள் தெரியுமா? ஜெயித்த ரோபோவுக்கு இல்லை. தன் பள்ளியை, தன் தெருவை, தன் ஊரை இந்த ஆர்வத்துக்குள் இழுத்துவந்த அணிக்கு. சேர்மன்ஸ் அவார்டு என்று பல வருடம் அதற்குப் பெயர், பின்னாளில் மாற்றினார்கள். இந்தப் பரிசை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும். சின்னக் குழந்தைகளுக்காக லெகோ நிறுவனத்தோடு சேர்ந்து 1998-ல் இன்னொரு போட்டியையும் தொடங்கினார்கள். அதுதான் பிற்பாடு இந்தியா உட்படப் பல நாடுகளுக்கும் போனது.

சரி, இப்போது அந்தப் பஞ்சுப் பெட்டிக்கு வருவோம்.

அரிஸோனா மாநிலம், ஃபீனிக்ஸ் நகரம். பாலைவனம். ஊரின் மேற்குப் பகுதியில் கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளி. படிப்பவர்களில் பெரும்பாலோர் மெக்ஸிகோவிலிருந்து வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். அங்கே இரண்டு ஆசிரியர்கள். கம்ப்யூட்டர் சொல்லித்தந்த ஆலன் கேமரன். கடலே இல்லாத ஊரில் கடல் அறிவியல் சொல்லித்தந்த ஃபிரெடி லாஜ்வார்டி. லாஜ்வார்டி ஈரானில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்கா வந்தவர். இவர்கள் ஏற்கெனவே ஃபர்ஸ்ட் போட்டிக்கு ஒரு அணியை நடத்திக்கொண்டிருந்தார்கள். ஃபால்கன் ரோபாட்டிக்ஸ், அணி எண் 842.

2004-ல் வேறொரு போட்டி கண்ணில் பட்டது. மேட் என்கிற கடல் தொழில்நுட்பக் கல்வி மையம் நடத்துவது. தண்ணீருக்குள் நீந்தி வேலை செய்கிற ரோபோ வேண்டும். சும்மா ஒரு கை பார்க்கலாம் என்று நாலு பேரைச் சேர்த்தார்கள்.

ஆஸ்கர் வாஸ்குவெஸ். பள்ளியில் ராணுவப் பயிற்சிப் படையில், நம்மூர் என்.சி.சி. மாதிரி, முன்னணியில் நின்ற பையன். தலைவன். கிறிஸ்டியன் ஆர்சேகா, கணக்கு-அறிவியல் புலி. லூயிஸ் அராண்டா, ஆஜானுபாகு, அதிகம் பேசமாட்டான், சமையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். ரோபோவைத் தண்ணீரில் இறக்கித் தூக்க இப்படி ஒரு ஆள் வேண்டாமா? நாலாவது லொரென்ஸோ. தெருச் சண்டைக் கும்பல்களோடு சுற்றத் தொடங்கி, இந்தப் பக்கம் திரும்பியவன். கார் ரிப்பேர் பார்த்துப் பழகிய கை.

நாலு பேருக்கும் பொதுவான ஒரு விஷயம், குழந்தையாக எல்லை தாண்டி வந்து, முறையான காகிதம் இல்லாமல் வளர்ந்தவர்கள். ஒரு போலீஸ்காரர் நிறுத்தி விசாரித்தால் மொத்த வாழ்க்கையும் கவிழ்ந்துவிடும். பள்ளி முடிந்தபின் காலேஜ் என்பது அவர்களுக்கு நினைத்துப் பார்க்கிற விஷயமே இல்லை.

அலுமினியம் வாங்கக் காசு ஏது? தண்ணீர்க் குழாய் போடுகிற பி.வி.சி. பைப்பை வெட்டி ஒட்டினார்கள். ஒட்டிய பசை அப்படி ஒரு நாற்றம் அடித்தது. பெயர் கிடைத்துவிட்டது: 'ஸ்டிங்கி'. நாத்தம் பிடித்தவன்! தண்ணீருக்குள் வெப்பநிலை அளப்பது எப்படி என்று தெரியாதபோது, கருவி விற்கும் கம்பெனிக்கே போன் போட்டார்கள். எதிர்முனையில் எடுத்த நிபுணர், பள்ளிக்கூடப் பசங்க என்று போனை வைத்துவிடாமல் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். கடையில் பஞ்சு எடுத்துக் கொடுத்த பெண்மணி மாதிரி, இந்தக் கதை நெடுக இப்படி யாராவது ஒருவர் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

மொத்தச் செலவு சுமார் 800 டாலர். அன்றைய மதிப்பில் முப்பத்தாறாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்.ஐ.டி. அணியின் பட்ஜெட் பத்தாயிரம் டாலருக்கு மேல். நாலரை லட்சத்தைத் தாண்டும். பெரிய எண்ணெய்க் கம்பெனி ஸ்பான்சர் வேறு.

போட்டியில் இரண்டு பிரிவு. பள்ளிகளுக்கு ஒன்று, கல்லூரிகள் மோதும் கடினமான பிரிவு இன்னொன்று. வாத்தியார்கள் கல்லூரிப் பிரிவில் பெயர் கொடுத்தார்கள். துணிச்சல் என்று நினைக்காதீர்கள். எப்படியும் தோற்கப் போகிறோம், பள்ளிப் பசங்களிடம் தோற்பதைவிடக் காலேஜ்காரர்களிடம் தோற்றால் கௌரவமாக இருக்கும் என்கிற கணக்கு!

சாண்டா பார்பராவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் நீச்சல் குளத்தில் பயிற்சி. ஸ்டிங்கியை இறக்கினார்கள். பார்த்தால், எலெக்ட்ரானிக்ஸ் வைத்த பெட்டிக்குள் தண்ணீர் கசிகிறது. சொட்டுத் தண்ணீர் சர்க்யூட்டில் பட்டால் கதை முடிந்தது. கசிவை அடைக்க நேரமில்லை. வருகிற தண்ணீரை உறிஞ்சிவிட்டால் போதுமே என்று யோசித்தான் லொரென்ஸோ. மீதி உங்களுக்குத் தெரியும். ராத்திரி ஓட்டல் ரூமில் ஒயர்களை மறுபடி சால்டரிங் செய்தார்கள். பெட்டிக்குள் பஞ்சை வைத்து மூடினார்கள்.

மறுநாள். குளத்தின் அடியில் மூழ்கிய நீர்மூழ்கிக் கப்பல் மாதிரி ஒரு செட்டப். அதன் நீளத்தை அளக்க வேண்டும், கிடக்கும் பொருளை எடுக்க வேண்டும், அடியில் இருக்கும் பீப்பாய்க்குள்ளிருந்து திரவத்தை உறிஞ்சி எடுத்து வர வேண்டும். கடைசி வேலையில்தான் பெரிய அணிகள் திணறின. எம்.ஐ.டி.யாலும் முடியவில்லை. ஸ்டிங்கியில் ஒரு பலூனும் குழாயும் பம்பும்தான். பலூன் மெதுவாக உப்பியது. மேலே தூக்கினால், உள்ளே திரவம்!

ஆனாலும் குளத்து மதிப்பெண்ணில் மூன்றாவது இடம்தான். மீதி மதிப்பெண் வாய்மொழித் தேர்வுக்கும் எழுதிக் கொடுத்த அறிக்கைக்கும். எதிரே நாசாவிலிருந்தும் கடற்படையிலிருந்தும் வந்த நடுவர்கள். குறுக்கே குறுக்கே கேட்டார்கள். பசங்க அசரவில்லை. செய்தவனுக்குத்தானே தெரியும் ஏன் செய்தோம் என்று? வாத்தியார்கள் ராத்திரி உட்கார்ந்து செய்து கொடுத்த ரோபோவாக இருந்தால் அந்த அறையிலேயே சாயம் வெளுத்திருக்கும்.

பரிசளிப்பு. முதலில் ஒரு சிறப்புப் பரிசுக்குக் கார்ல் ஹேடனைக் கூப்பிட்டார்கள். சரி, ஆறுதல் பரிசு, மூட்டை கட்டலாம் என்று நினைத்தார்கள். அப்புறம் நேர்த்தியான வடிவமைப்புக்கு ஒரு பரிசு. அதுவும் அவர்களுக்கு. அப்புறம் சிறந்த தொழில்நுட்ப அறிக்கைக்குப் பரிசு, அதாவது இங்கிலீஷில் எழுதியதற்கு! அதுவும் இந்த ஸ்பானிஷ்காரப் பசங்களுக்கு. கடைசியாக ஒட்டுமொத்த வெற்றி. மூன்றாவது இடம், வட கரோலினாவிலிருந்து வந்த ஒரு கம்யூனிட்டி காலேஜ். இரண்டாவது, எம்.ஐ.டி.

முதலிடம், கார்ல் ஹேடன்.

சினிமாவாக இருந்தால் இங்கே சுபம் போட்டிருப்பார்கள். 2015-ல் வந்த சினிமாவும் ஏறக்குறைய இங்கேதான் நின்றது. ஆனால் பசங்க ஃபீனிக்ஸுக்குத் திரும்பியபோது ஊரில் பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. அதே தெரு, அதே பயம். 2005-ல் ஜோஷுவா டேவிஸ் என்கிற பத்திரிகையாளர் 'வயர்ட்' பத்திரிகையில் எழுதிய பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. வாசகர்கள் அனுப்பிய பணம் 90,000 டாலரைத் தாண்டியது. முகம் தெரியாத ஜனங்கள் போட்ட காசில் காலேஜ் என்கிற வார்த்தை அவர்கள் வீட்டுக்குள் வந்தது.

அடுத்த வருடமே கதை திரும்பியது. 2006 நவம்பரில் அரிஸோனாவில் ஒரு வாக்கெடுப்பு. காகிதம் இல்லாத மாணவர்களுக்கு மாநில உதவி கிடையாது, அவர்கள் வெளிமாநிலத்துக்காரர்கள் கட்டுகிற பெரிய கட்டணத்தைத்தான் கட்ட வேண்டும் என்று கேள்வி. பத்தில் ஏழு பேர் ஆமாம் என்று ஓட்டுப் போட்டார்கள். கிறிஸ்டியன் அரிஸோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தான். கட்டணம் தாங்கவில்லை. பாதியில் விட்டான். நாலு பேரில் படிப்பில் கெட்டிக்காரன் அவன்தான் என்பதை மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது.

கைதட்டலை மாற்றினால் போதும் என்று நினைத்த டீன் கேமனின் கணக்கில் இந்த ஓட்டுப் பெட்டி இல்லை. ஜிம்மில் எழுந்து நின்று கைதட்டிய அதே ஜனங்கள் ஓட்டுச் சாவடியில் வேறு மாதிரி யோசிக்கலாம் என்பதை எந்த விதிமுறைப் புத்தகத்திலும் எழுதி வைத்திருக்க முடியாது.

அந்த இரண்டு வாத்தியார்களும் கடையை மூடவில்லை. வெற்றியைக் கேள்விப்பட்டுப் பையன்களும் பெண்களும் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். 2008-ல் அட்லாண்டா ஸ்டேடியத்தில் ஃபர்ஸ்ட் இறுதிப் போட்டி. சேர்மன்ஸ் அவார்டு, நான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன அதே பரிசு, அணி எண் 842-க்குப் போனது.

ஆஸ்கர் விடாப்பிடியாகப் படித்தான். 2009-ல் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் பட்டம். அந்த வருடப் பட்டமளிப்பு விழாவில் பேசியவர் ஜனாதிபதி ஒபாமா. ஆனால் காகிதம் இல்லாத இன்ஜினீயருக்கு யார் வேலை தருவார்கள்? ஆஸ்கர் ஒரு முடிவெடுத்தான். யாரும் துரத்தவில்லை. தானாகவே மெக்ஸிகோவுக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து முறைப்படி விண்ணப்பித்தான். நேர்மைக்குக் கிடைத்த பதில்: பத்து வருடம் உள்ளே வரத் தடை. அமெரிக்காவில் மனைவியும் கைக்குழந்தையும். இவன் மெக்ஸிகோவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. செனட்டர் டிக் டர்பின் உள்பட சிலர் பேசிப் போராடியதில், 2010-ல் தடையை நீக்கினார்கள்.

திரும்பி வந்தவன் நேராகப் போய் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தான். பள்ளிக்கூடத்தில் அவன் ஆசைப்பட்டதே அதற்குத்தான், காகிதம் இல்லாததால் அப்போது முடியவில்லை. ஆப்கானிஸ்தான் போர்முனைக்குப் போனான், குடியுரிமை பெற்றான். 2016 ஜனவரியில் ஒபாமா நாடாளுமன்றத்தில் உரையாற்றியபோது, மேல்மாடத்தில் மிஷெல் ஒபாமாவின் விருந்தினர்களில் ஒருவராக ஆஸ்கர் வாஸ்குவெஸ் உட்கார்ந்திருந்தார்.

லொரென்ஸோவும் லூயிஸும் இன்ஜினீயர் ஆகவில்லை. வந்த நன்கொடை அவர்களைச் சமையல் கலை படிக்க வைத்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஃபீனிக்ஸில் கேட்டரிங் தொழில் ஆரம்பித்தார்கள். கூட்டாளிகளைத் தேட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை.